கொனாடுவுக்கு ஒரு கிரேக்கச் சொல்

எங்கள் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன்பே கிரேக்கம் வந்துவிட்டது. கொண்டுவந்தவர் பேராசிரியர் அம்போன்சா. வெளிநாட்டில் படித்து, பெயருக்குப் பின்னால் நிறைய எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டு திரும்பியவர், குமாசி சாலையில் மரக்கடைகளைத் தாண்டி மஞ்சள் மதில் எழுப்பி, கருவள உயராய்வு நிலையம் என்று ஒன்றைத் திறந்தார். வாசல் வளைவில் நிலையத்தின் கொள்கையைக் கிரேக்க எழுத்தில் எழுத வேண்டும் என்றார். எங்கள் ஊரில் அழகாக எழுதக்கூடிய ஒரே ஆள், ஆள் ஏற்றும் ட்ரோட்ரோ வேன்களின் பின்பக்கத்தில் வாசகம் எழுதும் பெயின்டர்தான். அவர் ஒரு எழுத்தைத் தலைகீழாக எழுதிவிட்டார். அவரே பிறகு எங்களிடம் சொல்லிச் சிரித்தார். திறப்பு விழாவுக்கு வந்த மந்திரி, பிஷப், பேராசிரியர் மூவரும் அந்த எழுத்துக்கு நேர் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இன்றுவரை அது தலைகீழாகத்தான் இருக்கிறது.

நிலையத்தின் முதல் சட்டம் எளிமையானது. பிள்ளை உண்டாவது சம்பந்தமான எந்தச் சொல்லும் எங்கள் பாஷையில் மதிலுக்குள் கேட்கக்கூடாது. விதை, முட்டை, கருப்பை, பிரசவம் எதுவும் கூடாது. எல்லாவற்றுக்கும் கிரேக்கம் இருக்கிறது. ஏன் இப்படி என்று திறப்பு விழாவிலேயே பேராசிரியர் விளக்கினார். நம் பாஷையில் சொன்னால் எல்லோருக்கும் புரிந்துவிடும், எல்லோருக்கும் புரிவதற்கு நிலையம் எதற்கு, சந்தையே போதாதா என்று கேட்டார். மந்திரி பலமாகக் கைதட்டினார். நாங்களும் தட்டினோம், வேறென்ன செய்வது.

சட்டம் சட்டம்தான். வலியில் துடித்த ஒருத்தியிடம் வாய் தவறிக் கருப்பை என்று சொல்லிவிட்ட நர்ஸைத் துணி துவைக்கும் அறைக்கு மாற்றினார்கள். வளாகத்தில் அவித்த முட்டை விற்கும் பெண்ணுக்கும் சட்டம் பொருந்தும் என்று காவல்காரர் சொல்லிவிட்டார். முட்டைக்குக் கிரேக்கத்தில் ஓவோன் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பெண் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, மிளகாய்த் துவையலோடு ஓவோன், சூடான ஓவோன் என்று கூவி விற்றாள். முதல் வாரம் ஒருவரும் வாங்கவில்லை. பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது. மனுஷனுக்கு எதுதான் பழகாமல் இருக்கிறது.

டாக்டரைப் பார்ப்பதற்கு முன் வேர்ச்சொல் வகுப்புக்குப் போக வேண்டும். பிள்ளை இல்லாத பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஒப்பிப்பார்கள். கைனே என்றால் பெண். ஆண்ட்ரோஸ் என்றால் ஆண். ஹிஸ்டெரா என்றால் கருப்பை. அர்த்தத்தை எங்கள் பாஷையில் சொல்ல வகுப்பில் மட்டும் விலக்கு உண்டு, விரலால் வயிற்றைக் காட்டவும் அனுமதி உண்டு. ஆணின் அணுவும் பெண்ணின் அணுவும் கமீட். மணமுடிப்பது என்ற சொல்லிலிருந்து வந்தது என்று ஆசிரியர் சொன்னபோது, உடம்புக்குள்ளேயே கல்யாணமா, அப்படியானால் பெண் கேட்டுப் பெண்வீட்டுக்கு மது பாட்டில் எடுத்துக்கொண்டு போனது யார் என்று ஒருத்தி கேட்டாள். அவளை வெளியே நிற்க வைத்தார்கள். பெண்களுக்குச் சுரக்கும் நீரின் பெயர் மாட்டைக் கடித்து வெறிபிடிக்க வைக்கும் ஓர் ஈயின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது என்று சொன்ன நாளில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே கோபமாக இருந்தார்கள்.

அந்த பெஞ்சில் கொனாடுவும் இருந்தாள். சந்தைக்கு எதிரே ஒரு பழைய கன்டெய்னரில் தையல்கடை வைத்திருப்பவள். அவள் புருஷன் ஒபிரிக்கு இரண்டு ட்ரோட்ரோ ஓடுகிறது. நல்ல ஆள்தான், சிரித்த முகம். அவன்மேல் அவளுக்கு ஆசை, அவனுக்கும் அவள்மேல் ஆசை, இது தெருவுக்கே தெரியும். கல்யாணமாகி வருஷங்கள் போய்விட்டன, பிள்ளைதான் இல்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளை தாயின் குடும்பத்துக்குச் சொந்தம், ஆனாலும் பிள்ளை இல்லாவிட்டால் பழி எங்கே போய் விழும் என்று கேட்க வேண்டியதில்லை. ஒபிரியின் தாய்மாமன், பாடு என்று பெயர், குடும்பத்துக்குத் தலைவர், அடுத்த கிழங்குத் திருவிழாவரைக்கும் பார்ப்பேன், பிறகு வெள்ளை மண்தான் என்று சொல்லிவிட்டார். வெள்ளை மண் என்றால் இரண்டு குடும்பமும் கூடி உட்கார்ந்திருக்க, புருஷன் வெள்ளைக் களிமண் பொடியை எடுத்துப் பெண்டாட்டிமேல் தூவுவது. தூவிவிட்டால் கட்டு அறுந்தது. மலடி என்று சொல்லித் தூவப்பட்டவளை அதற்குப்பிறகு எவனும் வாசலில்கூட நிறுத்தமாட்டான். அதற்காகத்தான் கொனாடு கடையைப் பூட்டிவிட்டு வாராவாரம் வந்து ஈயின் பெயரை ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாக இருவருக்கும் பரிசோதனை முடிந்தது. முடிவு சொல்வது வியாழக்கிழமை. முடிவைக் காகிதத்தில் தரமாட்டார்கள். காகிதம் கடைக்குக் கடை போகும், யாராவது படித்து விளக்கிவிடுவார்கள். வாயால்தான் சொல்வார்கள், அதுவும் அரண்மனை முறைப்படி. எங்கள் அரசர் பொதுமக்களிடம் நேராகப் பேசமாட்டார். மெல்லச் சொல்வார், பக்கத்தில் கோல் பிடித்து நிற்பவர் அதை அலங்கரித்துச் சபைக்குச் சொல்வார். பேராசிரியருக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போய், அரண்மனையில் கோல்காரராக இருந்து ஓய்வுபெற்ற தாவியாவை வேலைக்கு வைத்துக்கொண்டார். சொல்லின் பொருள் தெரிந்திருக்கக்கூடாது என்பது தாவியாவின் வேலைக்கு ஒரே தகுதி.

பேராசிரியர் கூடத்துக்குள்ளேயே பெரிய குடைக்குக் கீழ் உட்கார்ந்திருந்தார். ஒபிரியை அழைத்தார்கள். பேராசிரியர் தாவியாவின் காதில் ஒரே ஒரு சொல் சொன்னார். வெறும் சொல்லை அப்படியே எடுத்துக்கொடுத்தால் கோல்காரனுக்கு என்ன மரியாதை? தாவியா கோலைத் தரையில் தட்டினார்.

"ஒபிரி, காதைக் குடு. அரண்மனையில எத்தனையோ பட்டம் சொல்லியிருக்கேன். இப்படி ஒண்ணு என் வாயில வந்ததே இல்ல. கடல் தாண்டி வந்த பேரு. அசூஸ்பெர்மியா."

கூடம் கைதட்டியது. ஒபிரி மரியாதைக்குத் தோள்துணியை இறக்கிவிட்டுக்கொண்டு குனிந்து வணங்கினான். பேராசிரியரும் தலையசைத்தார். பிறகு கொனாடுவின் பெயர். பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும் வீசினார். கொனாடு அம்மாவுக்குச் சொல் இல்லை என்று தாவியா அறிவித்தார். இல்லையென்றால் என்ன அர்த்தம் என்று அவள் கேட்டாள். இல்லையென்றால் இல்லை, அடுத்த ஆள் வரலாம் என்றார். சொல் இல்லாதவர்களைப் பற்றி நிலையம் பேசுவதில்லை, அது இரண்டாவது சட்டம்.

அன்று சாயங்காலமே குடும்பம் கூடிப் பேசியது. மாமா பாடு விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டார்.

"ஆம்பளைக்கு எவ்வளவு நீளமா ஒரு சொல் குடுத்திருக்காங்க. இவளுக்கு ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமே இல்லாதவ வயித்துல என்ன வரும்?"

ஒபிரி மறுநாள் பெயின்டரிடம் போய், புது வண்டியின் பின்கண்ணாடிக்கு மேலே, முன்னால் இருந்த வாசகத்தை அழித்துவிட்டு, மஞ்சளில் சிவப்பு விளிம்பு வைத்து அசூஸ்பெர்மியா என்று எழுதிக்கொண்டான். வண்டி நிலையத்தில் பையன்கள் அந்தப் பெயரைச் சொல்லியே ஆள் கூப்பிட்டார்கள். போலீஸ்காரர்கூட ஏதோ பெரிய இடம்போல என்று நினைத்து அந்த வண்டியை மட்டும் நிறுத்தாமல் விட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒபிரி கோயிலில் நன்றிக்காணிக்கை செலுத்தினான். பாஸ்டர் இரண்டு கைகளையும் அவன் தலையில் வைத்து, இந்தச் சொல் நம் சபையிலுள்ள ஒவ்வோர் ஆண்பிள்ளை மேலும் இறங்கட்டும் என்று ஜெபித்தார். ஆண்கள் எல்லோரும் எழுந்து நின்று ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். பெண்கள் பக்கம் கொனாடு கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். புருஷனுக்குக் கிடைத்த பெருமையில் அழுகிறாள் என்று நினைத்தோம்.

திருவிழா நெருங்கியது. கொனாடு நிலையத்துக்குப் போய், எனக்கும் ஒரு சொல் வேண்டும் என்று கேட்டாள். பெரிய சொல்லாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சின்னதாக ஏதாவது போதும், வீட்டில் சொல்லிக்கொள்ள வேண்டும் என்றாள். மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். நாலாவது தடவை பேராசிரியரே பேச ஒப்புக்கொண்டார். தாவியா பக்கத்தில் நின்றார், ஆனால் பேராசிரியருக்கு அன்று கோபம் வந்ததால் அவர் நேராகவே பேசிவிட்டார்.

"தன் உடம்பைப் பத்தித் தானே தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறதுதான் இந்த நாட்டைப் பிடிச்ச வியாதி. இந்தச் சொல்லையெல்லாம் படிக்க நான் குளிர்ல எத்தனை வருஷம் கிடந்தேன் தெரியுமா? நீ மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி வாங்கிட்டுப் போகலாம்னு வந்திருக்க. நோயாளிக்குப் புரிஞ்சுட்டா டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவுல என்ன இருக்கும்? ஒரு மேஜைதான் இருக்கும். மேஜையை எந்தத் தச்சனும் செஞ்சு குடுப்பான். அதுவுமில்லாம, சொல்லுங்கறது குறைக்குத்தான். குறை இருக்கிறவங்க கேக்கட்டும். ஒரு குறையும் இல்லாதவ வந்து சொல் குடு சொல் குடுன்னா, அது பேராசை."

கொனாடு கேட்டாள். "ஐயா, அப்ப எனக்குக் குறை இல்லையா?"

பேராசிரியர் தாவியாவைப் பார்த்தார். தாவியா கோலைத் தட்டினார். பேட்டி முடிந்தது.

அவள் வெளியே வந்து வகுப்பு பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். வழக்கமான பெண்கள்தான் இருந்தார்கள், முட்டைக்காரியும் கூடையை இறக்கிவைத்திருந்தாள். சொல் குறைக்குத்தான் என்று ஐயா வாயாலேயே சொன்னார் என்று கொனாடு சொன்னாள். பிறகு, ஒப்பிக்கும் குரலில், தனக்குத்தானே கேட்பதுபோல் கேட்டாள்.

"அ?"

பழக்கதோஷம். பெஞ்சு மொத்தமும் பதில் சொன்னது. "இல்லாதது."

"சூ?"

"உயிருள்ளது."

"ஸ்பெர்மா?"

விதை என்று வாய்கள் சொல்லி முடித்தபிறகுதான் தாங்கள் என்ன சொன்னோம் என்று அவர்களுக்குத் தெரிந்தது. ஒருத்தி சிரிக்க ஆரம்பித்து, கொனாடுவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஐயோ, அதைத்தான் வண்டியில் எழுதி ஊரெல்லாம் ஓட்டுகிறானா என்றாள் முட்டைக்காரி. கோயிலில் ஆமென் சொன்ன ஆண்களை நினைத்து அவர்கள் யாரும் பிறகு சிரிக்காமல் இருந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. சிரிக்கட்டும்.

கொனாடுவுக்குச் சிரிப்பு வரவில்லை. பழி தன்மேல் இல்லை என்ற நிம்மதிகூட அவளுக்கு முழுதாக வரவில்லை, ஏனென்றால் அவனை நினைத்துப் பாவமாக இருந்தது. சாயங்காலம் வேகவைத்த கிழங்கை ஃபுஃபுவாக இடித்து, ஆட்டுக்கறி சூப் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, யாரும் கேட்காதபடி மெல்லச் சொன்னாள். சொல்லிவிட்டு, இது நமக்குள் இருக்கட்டும், உங்கள் அக்கா பிள்ளைகளில் ஒன்றை வளர்ப்போம், எனக்கு ஒன்றும் குறையில்லை, மாமாவிடம் மட்டும் இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் என்றாள். ஒபிரி கேட்டுக்கொண்டே இருந்தான். ஃபுஃபு ஆறிப்போனது. கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டான்.

மறுநாள் காலையில் அவன் வண்டியில் சொல் இல்லை. அந்த இடத்தில் பச்சை பெயின்ட் ஈரமாக இருந்தது, அதன்மேல் கர்த்தர் அறிவார் என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் கொனாடுவுக்கு உயிர் வந்தது. புருஷனுக்குப் புரிந்துவிட்டது, இனி மண் இல்லை என்று கடைக்குப் போய் நாள் முழுதும் பாடிக்கொண்டே தைத்தாள். மறுவாரம் குடும்பக் கூட்டத்துக்கு ஆள் வந்தது. திருவிழாவரைக்கும் காத்திருக்க வேண்டாம், சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்று கேட்டது ஒபிரியேதான்.

மாமா பாடுவின் முற்றத்தில் இரண்டு வரிசை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஒபிரியின் குடும்பம், எதிரே கொனாடுவின் அம்மாவும் மாமன்களும், மதிலோரம் வேடிக்கை பார்க்க நாங்கள். நடுவில் ஒரு தட்டில் வெள்ளை மண். நிலையத்தின் கருத்தையும் கேட்டுவிட வேண்டும் என்பதற்காகப் பேராசிரியரையும் அழைத்திருந்தார்கள். அவர் குடையோடும் தாவியாவோடும் வந்திறங்கினார். முதலில் மது ஊற்றி முன்னோர்களைக் கூப்பிட்டார்கள். பாடு பேசினார்: நிலையத்தில் எங்கள் பையனுக்குச் சொல் கிடைத்தது, அவன் பெண்டாட்டிக்குக் கிடைக்கவில்லை, இதற்குமேல் என்ன விசாரணை வேண்டும் என்றார்.

கொனாடு எழுந்து நின்றாள்.

"மாமா, எனக்கு வீடு வேணாம், வண்டியில பங்கு வேணாம். அனுப்பறதுன்னா அனுப்புங்க. மலடின்னு பேர் வெச்சு மட்டும் அனுப்பாதீங்க. அவருக்குக் குடுத்த சொல்லுல முதல் துண்டுக்கு இல்லாததுன்னு அர்த்தம். ரெண்டாவது, உயிருள்ளது. மூணாவது, விதை. இது நான் கட்டினது இல்ல. ஐயாவோட நிலையத்துல பெஞ்சுல உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தது. பொய்யான்னு ஐயாவையே கேளுங்க."

எல்லோரும் மனசுக்குள் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் சேர்ந்தது. அதை அவர்கள் முகத்தில் நான் பார்த்தேன். பாடு தொண்டையைச் செருமிக்கொண்டு, பேராசிரியரே, ஒரே வார்த்தை சொல்லுங்கள், எங்கள் பையனிடம் விதை இருக்கிறதா இல்லையா என்று கேட்டார்.

பேராசிரியர் எழுந்தார். பேச்சு நீளம். அதில் முக்கியமான பகுதி இதுதான்.

"இந்த அம்மா சொன்ன ஒவ்வொரு துண்டும் சரி. நிலையத்தோட கற்பிக்கும் தரத்துக்கு இது சான்று. ஆனா துண்டுகளைச் சேர்க்கிறது நோயாளியோட வேலை இல்ல. சேர்க்கிறதுக்குத் தனிப் படிப்பு இருக்கு. இவங்க அனுமதி இல்லாம சேர்த்துட்டாங்க. அனுமதி இல்லாம சேர்த்த அர்த்தத்துக்கு நிலையம் பொறுப்பில்ல. இருக்கா இல்லையான்னு கேட்டீங்க. இருக்கு, இல்ல, ரெண்டுமே தெருவுல புழங்குற சொல். அதுல நான் பதில் சொன்னா, நாளைக்கு எல்லாரும் கேள்வி கேக்க வருவாங்க."

தாவியா இதை இன்னும் அழகாகத் திருப்பிச் சொன்னார். பெரியவர்களுக்கு மூச்சு வந்தது. பார்த்தீர்களா, சேர்க்கத் தெரியாமல் சேர்த்திருக்கிறாள் என்றார் பாடு. ஆமாம் ஆமாம், படித்தவர் சொல்லிவிட்டாரே என்றார்கள். கொனாடுவின் பக்கத்து மாமன்கள்கூட, படித்தவரோடு எதற்கு வழக்கு என்று தலையைக் குனிந்துகொண்டார்கள். அவளுடைய அம்மா மட்டும் பேராசிரியரைப் பார்த்து, நீயும் ஒரு கருப்பையிலிருந்துதானேடா வந்தாய் என்று எங்கள் பாஷையில் கேட்டாள். அதைத் தாவியா திருப்பிச் சொல்லவில்லை.

ஒபிரி எழுந்து தட்டிலிருந்து மண்ணை எடுத்தான். கொனாடு அவன் முகத்தையே பார்த்தாள். அவன் அவள் காலைப் பார்த்தான்.

"உங்களுக்குப் புரிஞ்சுடுச்சுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "பச்சை பெயின்ட் அடிச்ச அன்னைக்கே தெரியும். தூவுங்க."

அவன் கொஞ்ச நேரம் நின்றான். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் மண்ணைக் கீழே போட்டிருந்தால் இந்தக் கதையை நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். தூவினான். முற்றம் மொத்தமும் தெரிந்துகொண்டே வேடிக்கை பார்த்தது. பேராசிரியர் நிகழ்ச்சி முறையாக நடந்ததென்று பாராட்டிவிட்டு, நோயாளிகள் துண்டுகளைச் சேர்ப்பதைத் தடுக்க மூன்றாவது சட்டம் வரப்போகிறது என்று சொல்லிவிட்டுக் குடையோடு போனார். சட்டம் வந்தது. இப்போது ஒரு வாரத்தில் ஒரு துண்டுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள், போன வாரத் துண்டைக் கேட்டால் வெளியே நிற்க வைக்கிறார்கள்.

திருவிழா முடிந்ததும் ஒபிரி செர்வா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். சின்னப் பெண், கலகலவென்று பேசுவாள். கொஞ்ச மாதம் போனதும் பாடு அவளுடைய வயிற்றைப் பார்க்க ஆரம்பித்தார். அவளை நிலையத்துக்கு அனுப்பினார்கள். ஒபிரிக்குப் பரிசோதனை வேண்டாம், அவனுக்குத்தான் ஏற்கெனவே சொல் கிடைத்துவிட்டதே.

நிலையத்துக்கு வெள்ளைச் சட்டையில்தான் வர வேண்டும் என்று புது உத்தரவு. ஊரில் சீக்கிரம் தைத்துக்கொடுக்கும் கடை கொனாடுவுடையதுதான். செர்வா துணியோடு வந்து வாசலில் தயங்கி நின்றாள். கொனாடு உள்ளே கூப்பிட்டு அளவெடுத்தாள், தோள், மார்பு, இடுப்பு. ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெண்ணே மெல்லக் கேட்டாள்.

"அக்கா, அங்க ஏதோ வகுப்பு இருக்காமே. ரொம்பக் கஷ்டமா?"

கொனாடு அளவு நாடாவைச் சுருட்டினாள். அந்தச் சின்ன இடுப்பையும் சிரித்த முகத்தையும் ஒருமுறை பார்த்தாள்.

"கஷ்டம்லாம் இல்லம்மா. சீக்கிரமே புரிஞ்சுடும். புரிஞ்சுதுன்னு மட்டும் வீட்டுல காட்டிக்காத."